எட்டுக்கு ஒரு அபோர

போன மாதம் மெட்டே தொலைபேசி எடுத்தாள். விபோர்க்குக்குப் பக்கத்து ஏரியில் ஆட்களைப் படகில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டி அவள். நான் ஓய்வு பெறும்வரை அதே ஏரியில் அதே வேலையைத்தான் செய்தேன். என் முதலாளி ஹென்னிங்கின் படகுகளும் துறையும் இப்போது மெட்டேயின் கையில் இருக்கின்றன.

புதுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறாளாம். எங்கள் காலத்தில் மீன் தேடுகிற எக்கோத் திரையில் ஏரியின் அடியில் ஒரு மஞ்சள் கட்டி தெரியும். அது மீன் கூட்டம் என்று நாங்கள் நம்ப வேண்டும், அவ்வளவுதான். இவளுடைய திரையில் ஒவ்வொரு மீனும் தனித்தனியாக, வாலை ஆட்டுவதுகூடத் தெரியுமாம். அதனால் தொல்லையும் கூடிவிட்டதாம். காசு கொடுத்து வருகிறவர்கள் திரையைப் பார்த்துவிட்டு, நடு ஏரிப் பள்ளத்தில் இவ்வளவு மீன் கிடக்கிறதே, அங்கே போடவிடு என்று அடம்பிடிக்கிறார்களாம்.

"தவா, உண்மையைச் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் பள்ளத்தில் ஒருநாளும் போட்டதில்லையா?" என்று கேட்டாள்.

"ஒரேயொரு முறை போட்டோம்."

"பெரிய மீனுக்காகவா?"

"இல்லை. செத்துப்போன ஒருவருக்காக."

இது தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். டெனிஷில் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன், மகள் பிறகு மாற்றிக் கொடுப்பாள். அவள் என்னோடு பேசுவது டெனிஷில்தான் என்றாலும் தமிழ் நன்றாக வாசிப்பாள். இந்த வேலைக்காவது அது உதவட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மீன்பிடிகாரன் இல்லை. யாழ்ப்பாணம் என்றதும் கடலும் வள்ளமும்தான் டெனிஷ்காரருக்கு ஞாபகம் வரும். நான் கோண்டாவில் ஆள். எங்களுக்குப் புகையிலையும் வெங்காயமும்தான் தெரியும். மீன், சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வாசலுக்கு வரும், அம்மா பேரம் பேசுவார், நாங்கள் தின்போம். இந்த நாட்டுக்கு வந்து பல வருடம் யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தேன். அது மூடியபிறகு வேலை தேடித் தருகிற ஜொப்சென்டர் என்னைச் சில கிழமைக்குப் பிராக்டிக், அதாவது வேலை பழக என்று ஏரித் துறைக்கு அனுப்பியது. படகு கழுவுகிற வேலை. சில கிழமைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு செய்வோம் என்று போனவன்தான். பென்சன் எடுக்கும்வரை அங்கேயே கிடந்தேன்.

எங்கள் சனத்தைப் பற்றிக் கேட்கவா வேண்டும்? தட்டில் மீன் வைத்தால் முள்ளையும் சூப்புவார்கள், மீன் பிடிக்கிறவன் பக்கத்தில் வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். கல்யாண வீடுகளில் என் காதில் விழும்படியே சொன்னவர்கள் உண்டு. "உவனுக்கு வேறை வேலையே கிடைக்கேல்லையோ?" அம்மா ஊரிலிருந்து கேட்டபோது சுற்றுலாத்துறையில் வேலை என்று சொல்லிவைத்தேன். அது பொய்யுமில்லை. அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது, என் மகளைப் படிப்பித்தது, என்னை மனிதனாக நிமிர்த்தியும் வைத்தது. இப்போது யார் முகத்தைச் சுளித்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஹென்னிங் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. யூலாந்துக்காரர், அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான். எவ்வளவு நல்ல விஷயத்துக்கும் அவர் வாயிலிருந்து வருகிற உச்சப் பாராட்டு, "அவ்வளவு மோசமில்லை." நான் முதல்முறை தனியாகப் படகை ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்தபோது அதைச் சொன்னார். எனக்கு அப்போது இந்த ஊர்ப் பழக்கம் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய், முதலாளிக்கு என் வேலை பிடிக்கவில்லை என்று மனைவி வசந்தியிடம் சொல்லி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

குளிர்காலக் காலையில் துறைக்கு வந்ததும் அவர் கோப்பிப் பக்கம் போகமாட்டார். இரும்பு முனை வைத்த நீண்ட தடி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மரப்பாலத்தின் நுனிக்குப் போய், கரையோரத்துப் பனிக்கட்டியில் ஒரு குத்துக் குத்துவார். ஒரே குத்தில் உடைந்தால் படகு போகும். இரண்டாவது குத்துத் தேவைப்பட்டால் அன்றைக்குப் பயணம் இல்லை. அந்த அளவுப் பனிக்கட்டியில் நடக்கவும் ஏலாது, படகு ஓட்டவும் ஏலாது. கொப்பன்ஹேகனிலிருந்து விடியமுன் எழும்பி வந்தவர்களையும் அவர் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் ஏசுவார்கள். இவர் தடியைத் துடைத்து வைத்துவிட்டு அப்போதுதான் கோப்பி ஊற்றுவார்.

படகு போகிற நாளென்றால், வந்தவர்களுக்கு மிதக்கும் உடுப்பைப் போட்டு, அதன் சிப்பைத் தன் கையாலேயே கழுத்துவரை இழுத்துவிடுவார். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று பார்க்கமாட்டார். பிறகு பாடம். தூண்டில் தடியின் வளையங்களில் பனி உறைந்து நூல் இறுகும், அடிக்கடி தடியின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எடுக்க வேண்டும். ஈயத்தால் செய்த பொய்மீனை அடிதட்டும்வரை இறக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி மேலே தூக்கி, பிறகு ஆடாமல் பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் அபோர வெடுக்கென்று இழுக்கும். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டையும் சிவப்புச் செட்டையுமாக இருக்கிற மீன் அது, இந்த ஏரியின் ராசா. குளிர்காலத்தில் அது இழுக்காது. கவ்விக்கொண்டு சும்மா நிற்கும். நூலில் சேறு ஒட்டினதுபோல் பாரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதைக் கை கண்டுபிடிக்க வேண்டும். மீனைத் தொடமுன் கையுறையைக் கழற்றி, அந்தப் பனித் தண்ணீரில் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் மீனின் வழுவழுப்பு உரிந்துவிடும். முதல்முறை கை வைத்தவர்கள் ஐயோ என்று கத்துவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. அதுதான் மெட்டே கேட்ட சட்டம். குளிர் ஏற ஏற அபோர கரையை விட்டு நடு ஏரிப் பள்ளத்துக்குள் இறங்கிக் கூட்டமாகக் கிடக்கும். அங்கே தூண்டில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்து வருகிற மீனுக்கு வயிற்றுக்குள் இருக்கிற காற்றுப்பை ஊதி வாய்க்குள் வந்து நிற்கும். அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் கீழே போக ஏலாது. மல்லாந்து மிதக்கும், கடற்புறா வந்து கொத்தும். ஹென்னிங் இளம் வயதில் ஒருமுறை ஒரு கூட்டத்தை அங்கே கூட்டிப்போய், பிடித்ததையெல்லாம் விட்டு, அவை மிதந்ததைப் பார்த்திருக்கிறார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை. பத்து மீற்றருக்குக் கீழே தூண்டில் இறங்கக்கூடாது என்பது அன்றிலிருந்து சட்டம். "அங்கே படம் பார்க்கலாம், தூண்டில் போடக்கூடாது," என்பார். அதனால் வேறு வழிகாட்டியிடம் போனவர்கள் நிறையப் பேர். அவர் அசையவில்லை.

இன்னொரு விசித்திரம், மனுசன் மீன் தின்னமாட்டார். வாழ்க்கை முழுக்க ஏரியில் இருந்தவர், மீன் தட்டைக் கண்டால் எழும்பிப் போய்விடுவார். ஏனென்று கேட்டேன். "அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்," என்றார். ஆனால் வசந்தி சுட்டுத் தருகிற ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்றால் உயிர். அவள் விடிய எழும்பிப் பொரித்து, கடதாசியில் சுற்றித் தருவாள். அதை நான் உடுப்புக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாறாமல் கொண்டுபோவேன். நடு ஏரியில் ஒன்றும் கதைக்காமல் தின்பார். உறைப்பில் மூக்கு ஒழுகும். காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு, "அவ்வளவு மோசமில்லை, அவளிடம் சொல்லு," என்பார்.

எங்கள் ஆட்களில் ஒழுங்காக ஏரிக்கு வந்தவர் பரமு அண்ணை ஒருவர்தான். விபோர்க்கிலேயே இருந்தவர், ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர், இங்கே கோழித் தொழிற்சாலையில் நின்றவர். யார் என்ன சொன்னாலும் கணக்கெடுக்கமாட்டார். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு நாளைத் தனக்கென்று பதிந்துவைப்பார். கரையோரத்தில் அகப்படுகிற அபோரவில் இரண்டைச் சமையலுக்கு எடுத்துப்போக ஹென்னிங் விடுவார். அதை மஞ்சளும் தூளும் பூசிப் பொரித்து, மனைவி கமலாக்காவின் புட்டோடு சாப்பிடுவதற்குத்தான் தான் மிச்ச வருடம் முழுக்க உயிரோடு இருப்பதாகச் சொல்வார்.

அந்த வருடமும் பதிந்திருந்தார். நாள் வருவதற்கு ஆறு நாளுக்கு முன் குளியலறையில் விழுந்தார், நெஞ்சுதான், அம்புலன்ஸ் வரமுன் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டுக்கு நானும் வசந்தியும் போனோம். தகனம் முடிந்தது. மறுநாள் அவர் பதிந்த நாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் துறைக்கு வந்தேன். ஹென்னிங்கும் வந்திருந்தார். பரமுவின் இடத்துக்கு வேறு ஆளைப் போட அவர் விரும்பவில்லை. படகுகளைத் திருத்திக்கொண்டு இருப்போம் என்று நினைத்திருந்தோம்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. மகள் ஓட்டிவந்தாள். மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து கமலாக்கா இறங்கினார். பரமு அண்ணையின் பெரிய நீலக் குளிர் யக்கற்றைப் போட்டிருந்தார். கையில் அண்ணையின் தூண்டில் தடி.

செத்த தீட்டுக் கழியாத துடக்கு வீடு. எட்டாம் நாளும் கழியாமல் அந்த வீட்டுப் பெண் கோயில் வாசலுக்கே போகமாட்டாள், இவர் ஏரிக்கு வந்து நிற்கிறார். இதை எங்கள் சனம் கண்டால் அடுத்த முப்பது வருடத்துக்கு அதையே கதைக்கும்.

"தம்பி, இண்டைக்கு இவருக்குப் பதிஞ்ச நாளெல்லோ," என்றார் கமலாக்கா. "அவர் இல்லை. நான் வந்திருக்கிறன்."

"அக்கா, இந்தக் குளிருக்குள்ளை..."

"நாளைக்கு எட்டு. ஆடும் கோழியும் சனம் கொண்டுவரும். அவருக்கு விருப்பமானது இந்த ஏரி அபோர ஒண்டுதான். அது இல்லாமல் நான் எப்பிடிப் படைக்கிறது? கடை மீனை வைச்சால் அந்த மனுசன் திரும்பியும் பாக்கார்."

மகள் பின்னால் நின்று டெனிஷில், அம்மாவுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், சுப்பர்மார்க்கெட்டில் நல்ல சல்மன் இருக்கிறது, கேட்கிறாவில்லை என்றாள். அவள் கண்ணும் அழுது வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளை ஒரு வேலை செய்திருந்தாள். தாய்க்கு மீன்பிடி அனுமதி எடுத்துத் தன் போனில் வைத்திருந்தாள்.

ஹென்னிங் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவருக்கென்று படைப்போம், அதுவரை அந்த வீட்டில் மரக்கறிதான், நாளைக்கு அந்த நாள் என்று எனக்கு வந்த டெனிஷில் சொன்னேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இன்றைக்கு யாருடைய பெயர் பதிந்திருக்கிறது?"

"பரமுவுடையது."

"அப்படியென்றால் இது அவருடைய நாள்," என்று சொல்லிவிட்டு இரும்பு முனைத் தடியை எடுத்துக்கொண்டு பாலத்து நுனிக்குப் போனார். அந்தத் தடி கீழே இறங்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது குத்துத் தேவைப்பட்டால் அவர் யாருக்காகவும் படகை இறக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். முதல் குத்திலேயே பனிக்கட்டி சடாரென்று உடைந்தது. ஹென்னிங் திரும்பி வந்து, கமலாக்காவின் உடுப்புச் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பின்னேரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மகள் போனாள்.

கமலாக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிப் பழகின கை. தடியை எப்படிப் பிடிப்பதென்று ஒருமுறை காட்டினேன், இரண்டாம்முறை தேவைப்படவில்லை. கை ஆடாமல் நின்றது. வாய்தான் நிற்கவில்லை. "இந்தக் குளிருக்கோ மனுசன் காசு குடுத்து வந்தவர்? வீட்டை ஹீற்றரைக் கூட்டு கூட்டு எண்டு என்ரை உயிரை எடுக்கிற ஆள். விசர் பிடிச்ச மனுசன்," என்று அவரை ஏசிக்கொண்டே இருந்தார். ஏசி முடிந்ததும் மூக்கைத் துடைப்பார், பிறகு திரும்ப ஏசத் தொடங்குவார். ஹென்னிங்குக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

நாணல் ஓரம், பழைய மரம் விழுந்து கிடக்கிற இடம், ஓடை வந்து விழுகிற வாய், எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை. அந்த வருடம் குளிர் முந்தியே இறங்கியிருந்தது, மீன் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விட்டிருந்தது.

மத்தியானம் ஒருமுறை தடி வளைந்தது. கமலாக்கா ஒரு சத்தமும் போடாமல் சுற்றினார். மேலே வந்தது ஒரு கெதெ. நீண்ட வாயும் நிறையப் பல்லுமாக, படகில் குறுக்கே வைத்தால் அரைவாசி பிடிக்கிற அளவுப் பெரிய மீன். அதை ஒருமுறை கையில் ஏந்திப் படம் எடுப்பதற்காகவே ஜேர்மனியிலிருந்து ஆட்கள் வருவார்கள். கமலாக்கா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது வேண்டாம் தம்பி. ஒரே முள்ளு. இவர் இதைத் தொடவும் மாட்டார்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹென்னிங் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது என் வேலைக்காலம் முழுவதற்கும் ஒருசில முறைதான், அதில் இது ஒன்று. கையை நனைத்து, தூண்டிலைக் கழற்றி, கெதெயை மெல்லத் தண்ணீரில் விட்டார். அது ஒரு நிமிடம் படகோடு நின்றுவிட்டு ஆழத்துக்குப் போனது.

எங்கள் குளிர்காலத்துப் பகல் மிகச் சின்னது. சாப்பிட்டுக் கைகழுவ முன் இருட்டத் தொடங்கிவிடும். மேற்கில் வெளிச்சம் மங்கியது. காற்றும் எழும்பியது. நாங்கள் காலையில் உடைத்த பாதையில் பனிக்கட்டி திரும்ப இறுகத் தொடங்கியிருந்தது. கமலாக்கா ஏசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"விடுங்கோ தம்பி," என்றார். "கிடைக்காட்டில் என்ன செய்யிறது. உங்களுக்கும் கரைச்சல். போவம்." குரல் உடைந்துவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை நாளும் செத்தவீட்டில் அழாமல் நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்த மனுசி.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஹென்னிங் இயந்திரத்தை இழுத்து எழுப்பி, படகைத் திருப்பினார். கரைப் பக்கம் இல்லை, நடு ஏரிப் பக்கம். எக்கோத் திரையில் அடி இறங்கிக்கொண்டே போனது. எட்டு, பத்து, அதற்கும் கீழே. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் கட்டி திரையில் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஹென்னிங், இது பள்ளம்," என்றேன், அவருக்குத் தெரியாததுபோல.

"சட்டம் திரும்ப விடுகிற மீனுக்கு," என்றார். "அவள் அதைத் திரும்ப விடப்போவதில்லை. அவளிடம் சொல்லு: ஒன்று. முதலில் எது வருகிறதோ அதுதான். விரல் அளவாக இருந்தாலும் அதுதான். இரண்டாவது இல்லை."

சொன்னேன். "எனக்கேன் தம்பி ரெண்டு?" என்றார் கமலாக்கா. "அவருக்கு மட்டும்தானே."

ஈயத்தை இறக்கினோம். அடிதட்ட அவ்வளவு நேரம் எடுத்தது. இரண்டு சுற்று மேலே. பிறகு கமலாக்கா தடியை ஆடாமல் பிடித்தார். நான் அந்த ஏரியில் எவ்வளவோ மீன் பிடித்திருக்கிறேன், ஒரு மீனுக்காகக் கோண்டாவில் பிள்ளையாரைக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். சின்னக் குஞ்சாக வந்துவிடக்கூடாதே என்றும் வேண்டினேன்.

"தம்பி, நூல் பாரமாய்க் கிடக்கு," என்றார் கமலாக்கா மெதுவாக.

"சுத்துங்கோ அக்கா. அவசரப்படாதேங்கோ."

மேலே வந்தது அபோர. பெரிதுமில்லை, சிறிதுமில்லை. ஒரு தட்டில் வைக்கிற அளவு. கறுப்புப் பட்டை அந்த மங்கலிலும் தெரிந்தது. வாய்க்குள் காற்றுப்பை வெளிறிய கொப்புளமாக வந்து நின்றது. அதென்ன என்று கமலாக்கா கேட்டார். ஆழத்திலிருந்து வந்ததால் அப்படி, இனி இதைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது என்றேன். அவர் கையுறையைக் கழற்றினார், யாரும் சொல்லாமலே பனித் தண்ணீரில் கையை நனைத்தார், மீனை இரண்டு கையாலும் வாங்கினார். பகல் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஹென்னிங் அதைத் துடிக்கவிடாமல் ஒரே அடியில் முடித்துக் கொடுத்தார். கமலாக்கா தான் கொண்டுவந்த வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி, அந்த நீல யக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

"வாங்கோ, வீட்டை போவம்," என்றார்.

எங்களிடம் சொல்லவில்லை. என்ன சொன்னாள் என்று ஹென்னிங் கேட்டார். வீட்டுக்குப் போவோம் என்கிறா என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு இயந்திரத்தை எழுப்பினார். காலையில் உடைத்த பாதையை இரண்டாம்முறை துடுப்பால் உடைத்துக்கொண்டுதான் கரைக்கு வந்தோம்.

கார் போனபிறகு படகுக் கொட்டிலுக்குள் உடுப்புகளைக் கழுவித் தொங்கவிட்டோம். ஹென்னிங் வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொன்றாகக் கேட்டார். உண்மையாகவே அவர் வந்து சாப்பிடுவாரா? எனக்குத் தெரியாது, வருவார் என்று வைப்போம் என்றேன். பிறகு அதை யார் சாப்பிடுவது? வந்த சனம் எல்லோரும். அவருக்குப் பிடிக்காததை வைத்தால்? அப்படி யாரும் வைக்கமாட்டார்கள், அதற்காகத்தானே இந்தக் கஷ்டம் என்றேன். கொஞ்ச நேரம் நூலைச் சுற்றிக்கொண்டு இருந்தார்.

"எனக்கென்றால் என்ன வைப்பாய்?"

"மீன் வைக்கமாட்டேன்."

"மீன் வேண்டாம்," என்றார் அவசரமாக.

"வசந்தியின் ரோல்ஸ். இரண்டு."

யோசித்தார். "மூன்று," என்றார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. மறுநாள் நானும் வசந்தியும் கமலாக்கா வீட்டு எட்டுக்குப் போனோம். சாமி அறையில் இல்லை, வரவேற்பறையில் பரமு அண்ணையின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, கறிகள், நடுவில் அந்த அபோர, பொன்னிறமாகப் பொரித்து முழுதாக வைத்திருந்தார். எங்கே வாங்கினது என்று யாரோ கேட்டார்கள். "இவர் பதிஞ்சு வைச்சிட்டுப் போனவர்," என்று கமலாக்கா சொன்னார்.

மெட்டே, உன் கேள்விக்கு இதுதான் பதில். திரும்ப விடுகிற மீனுக்காக ஒருநாளும் பள்ளத்தில் போடாதே. அந்தத் திரையில் எவ்வளவு வடிவாகத் தெரிந்தாலும், படம் பார்க்கச் சொல்லு, போதும். மற்றபடி, யாராவது வெள்ளைத் துணியோடு வந்தால் அப்போது நீயே யோசித்துக்கொள்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை உனக்காக எழுதவில்லை, எனக்காக எழுதுகிறேன்.

நான் ஓய்வு எடுத்த பிறகு ஹென்னிங்கும் துறையை விற்றார். மாதத்தில் ஒருநாள் போய் அவரோடு கோப்பி குடிப்பேன், ரோல்ஸ் கொண்டுபோவேன். பிறகு அவருக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில் ரோல்ஸின் வாசத்தை மட்டும் பிடித்துவிட்டு, என்னைத் தின்னச் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருப்பார். போன வருடம் கார்த்திகைக் குளிரில் போய்விட்டார். அவர் மனைவி கிர்ஸ்டன்தான் தொலைபேசியில் சொன்னா. செத்தவீடு ஒரு கிழமை கழித்துத் தேவாலயத்தில், பிறகு பக்கத்து மண்டபத்தில் கோப்பி, வரவேண்டும் என்றா.

அன்று காலையில் குசினியில் எண்ணெய் வாசம். எழும்பிப் பார்த்தால் வசந்தி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது?" என்றேன்.

"நாளை எண்ணிப் பாத்தனீங்களோ? இண்டைக்கு அவருக்கு எட்டு."

எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அவை வேறு ஆட்கள், அவர்களுடைய செத்தவீட்டில் கேக்கும் கோப்பியும்தான், இந்தப் பொரித்த இறைச்சியைத் தூக்கிக்கொண்டு போனால் கிர்ஸ்டனுக்குச் சங்கடம் என்று சத்தம் போட்டேன். வசந்தி அடுப்பை நிறுத்தினாள். தட்டை மூடி, காரின் பின் ஆசனத்தில் வைத்தாள். தேவாலயத்தில் எல்லாம் முடிந்தபிறகும், மண்டப வாசலில் நான் அதைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, மேலே என் கோட்டைப் போட்டு மறைத்துவிட்டு வந்தேன்.

மண்டபத்தில் ஒரு மேசையில் ஹென்னிங்கின் படம் இருந்தது. படகில் இருக்கிறார், அதே தொப்பி, சிரிக்கவில்லை. படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி. பக்கத்தில் ஒரு வெறும் வெள்ளைத் தட்டு. யாரோ மறந்துபோய் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கிர்ஸ்டன் வந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தா. பிறகு என் கைகளைப் பார்த்தா, வசந்தியின் கைகளைப் பார்த்தா.

"எங்கே?" என்று கேட்டா.

"என்ன எங்கே?"

"ரோல்ஸ். இன்று எட்டாவது நாள். அந்த மீன் பிடித்த நாளில் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்ற முன்னமே என்னிடம் சொன்னார். தவாவும் வசந்தியும் கொண்டுவருவார்கள், நீ ஒரு தட்டு மட்டும் எடுத்துவை என்று. பாதிரியாரிடம் கேட்டு இந்த நாளை எடுத்தேன்."

நான் காருக்கு ஓடினேன். என் வயதில் ஓடக்கூடாது, ஓடினேன். கோட்டை இழுத்து எறிந்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கண் தெரியவில்லை, வாசற்படியில் தடக்குப்பட்டேன், யாரோ ஒரு பழைய வாடிக்கைக்காரர் கையைப் பிடித்து உள்ளே விட்டார். ரோல்ஸ் இன்னும் இளஞ்சூடாகத்தான் இருந்தது.

வசந்தி மூடியைத் திறந்து, அந்த வெள்ளைத் தட்டில் இரண்டு ரோல்ஸை எடுத்து வைத்தாள். நான் பக்கத்தில் சீனி போடாத கோப்பி ஒன்றை ஊற்றி வைத்தேன்.

கிர்ஸ்டன் தட்டைப் பார்த்தா. பிறகு வசந்தியின் கையை மெல்லத் தொட்டா.

"மூன்று," என்றா. "அவர் மூன்று என்று சொன்னவர்."

வசந்தி மூன்றாவதையும் எடுத்து வைத்தாள்.